இ-சேவை மையம் பற்றிய கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு, எப்படி அனுப்புவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், பொது நிர்வாகத்தில் பகுதி நேர பிஎச்டி. சென்னை இ-சேவை மையங்களைப் பற்றிய ஆய்வேட்டு அத்தியாயத்தை 9,000 சொல்லில் கட்டுரையாக்கி வைத்திருக்கிறீர்கள். "7 நாளில் வெளியீடு, 3,500 ரூபாய்" என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, கைடும் "எதிலாவது போட்டுத் தொலை" என்கிறார். ஆங்கிலம் சுமார்தான், அதனால் தயக்கம். களப்பணிக்கு வருவாய்த் துறையில் வேலை பார்க்கும் உங்கள் மனைவி நிறைய உதவியிருக்கிறார், அவர் பெயரையும் போடலாமா என்பது கடைசிக் கேள்வி.

முதலில் அந்த 3,500 ரூபாய். கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேர்முகத் தேர்வுக்கு ஒரு வெளியீடு குறைகிறது என்று பயந்து, பெயரில் 'இன்டர்நேஷனல்' இருந்த ஓர் இதழுக்குப் பணம் கட்டினேன். நான்காம் நாள் ஏற்பு வந்தது, ஒரு வார்த்தை திருத்தம் கூடக் கேட்கவில்லை, அச்சில் என் பெயரையே தப்பாகப் போட்டிருந்தார்கள். அதைவிடக் கொடுமை, அந்தக் கட்டுரையில் நல்ல தரவு இருந்தது. ஒரு தடவை வெளியாகிவிட்டதால் வேறெங்கும் அனுப்ப முடியாமல் போயிற்று. பணம் போனதை இரண்டு மாதத்தில் மறந்துவிட்டேன், அந்தத் தரவு வீணானதை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த மாதிரி இதழ்கள் எல்லாவற்றிலும் ஐஎஸ்எஸ்என் எண் இருக்கும். அது வெறும் அடையாள எண், வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. எண் இருப்பதால் வண்டி நல்ல வண்டி என்று ஆகாது. 'இம்பாக்ட் ஃபேக்டர் 7.8' (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், யார் கணக்கிட்டது என்று பார்த்தால் நீங்கள் கேள்வியே படாத ஒரு நிறுவனமாக இருக்கும். உண்மையான இம்பாக்ட் ஃபேக்டர் கிளாரிவேட் என்ற நிறுவனம் வெளியிடுவது மட்டும்தான். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருக்கிறோம் என்று சொன்னால் ஸ்கோபஸ் தளத்திலேயே இதழின் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. அதிலும் ஒரு தந்திரம் உண்டு: நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கூகுளில் முதலில் வருகிற இணைப்பில் நுழையாமல், ஸ்கோபஸ் பக்கத்திலிருந்தோ பதிப்பகத்தின் தளத்திலிருந்தோ இதழுக்குப் போங்கள். 'ஸ்கோபஸ் பேப்பர் உத்தரவாதம்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற தரகர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்பு என்பதை விற்க முடியாது, விற்கிறார்கள் என்றாலே அது வேறு சரக்கு.

கைடு சொன்னதற்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2016 விதிப்படி ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், கருத்தரங்கில் இரண்டு வாசித்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புது விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்துக்கொள்ளலாம். அதனால் கைடிடம் வாக்குவாதம் செய்யாமல் நீங்கள் பதிவு செய்த பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில், உங்கள் பதிவு எந்த வருட விதியில் வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பலர் இன்னும் 'கேர் லிஸ்ட்ல இருக்கா' என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தரமான இதழ்கள் எவை என்று சொல்ல 2018-இல் தொடங்கிய யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசியே கைவிட்டுவிட்டது. இதழ் தரமானதா என்று பார்ப்பது இப்போது கல்வி நிறுவனங்களின் பொறுப்பு, யுஜிசி அளவுகோல்களை மட்டும் கொடுத்திருக்கிறது. ஆக 'கேர் அங்கீகாரம் பெற்றது' என்று இன்றைக்கும் விளம்பரம் செய்கிற இதழைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

சரி, எங்கே அனுப்பலாம்? உங்கள் தலைப்புக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தியன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன். டெல்லியில் இருக்கும் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் 1955-லிருந்து நடத்தும் காலாண்டிதழ், இப்போது சேஜ் வழியாக வருகிறது. ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை. நம் ஊரிலேயே அடையாறில் எம்ஐடிஎஸ் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்) இருக்கிறது, மால்கம் ஆதிசேஷையா 1971-இல் ஆரம்பித்தது. அவர்களுடைய ரிவ்யூ ஆஃப் டெவலப்மென்ட் அண்ட் சேஞ்ச் வளர்ச்சி, கொள்கை சார்ந்த கட்டுரைகளைப் போடும். மும்பையிலிருந்து வரும் ஈபிடபிள்யூ (எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி) எல்லோருக்கும் தெரியும், ஆனால் அங்கே வரிசை நீளம், வாதம் கூர்மையாக இல்லாவிட்டால் நிற்காது. வெளிநாட்டில் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் ரிவ்யூ, ஜேபார்ட் என்று செல்லமாகச் சொல்லும் ஆக்ஸ்ஃபர்டு இதழ், கவர்னன்ஸ் எல்லாம் உச்சாணிக் கிளை. முதல் கட்டுரைக்கு அங்கே ஏற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவற்றைப் படிக்காமல் மட்டும் எழுதாதீர்கள். 2025 தொடக்கத்திலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. உங்களுடையது தனியார் கல்லூரி என்றால், நீங்கள் பதிவு செய்த அரசுப் பல்கலைக்கழக நூலகத்தில் கணக்கு கேளுங்கள்.

ஒரு இதழைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் கடைசி இரண்டு வருட இதழ்களை எடுத்துத் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கட்டுரை அந்தப் பட்டியலில் ஒட்டுகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒட்டவில்லை என்றால் வேறு இதழ். ஒட்டுகிறது என்றால் அதில் இரண்டு மூன்று கட்டுரையாவது உங்களுடையதில் எடுத்துப் பேசப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியர் குழுவுக்கு மஸ்கா போடச் சொல்லவில்லை. அந்த இதழ் படிக்கிறவர்கள் ஏற்கெனவே என்ன பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் நடுவில் போய் உட்கார்ந்தால், நாம் சொல்வது புதுசா பழசா என்று நமக்கே தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. விஷயம் கட்டுரையில்தான் இருக்கிறது. நீங்கள் இணைத்திருந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பு 'சென்னை மாநகரில் இ-சேவை மையங்களின் செயல்பாடு: ஓர் ஆய்வு'. முதல் பத்தி மின் ஆளுமையின் வரையறை. இரண்டாம் பத்தி சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது, 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, 15 மண்டலம், 200 வார்டு. அப்புறம் திட்டத்தின் நோக்கங்கள், சேவைகளின் பட்டியல், 100 பேரிடம் கேள்வித்தாள், 68 பேர் 'திருப்தி', கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை, பரிந்துரைகள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் இதழ்களுக்கு மதிப்பீடு செய்ய ஆரம்பித்ததிலிருந்து ஊர்ப் பெயரும் திட்டப் பெயரும் மட்டும் மாறி இதே கட்டுரை எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. இவையெல்லாம் மதிப்பீட்டாளர் வரைக்கும்கூடப் போவதில்லை, பெரும்பாலும் ஆசிரியர் மேஜையிலேயே திரும்பிவிடும். ஆங்கிலத்தால் திரும்புகிறது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. கட்டுரையில் திட்டம் இருக்கிறது, கேள்வி இல்லை. அதனால் திரும்புகிறது. அரசின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்தாலே தெரிகிற விஷயத்துக்கு ஆய்விதழ் எதற்கு?

ஆனால் உங்கள் பக்கம் 14-இல், ஏதோ இடத்தை நிரப்ப எழுதியது போல ஒரு பத்தி இருக்கிறது. வடசென்னையில் ஒரு மையத்தில் வருமானச் சான்றுக்கு வந்த ஒரு அம்மாவிடம் கணினி முன் உட்கார்ந்திருந்த பெண், "வாடகை ஒப்பந்தம் இல்லாம போட்டா அந்த ஆர்ஐ ரிட்டர்ன் பண்ணிடுவாரு, 60 ரூபா வீணாப் போகும், ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு லெட்டராவது வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார். ஆர்ஐ என்றால் வருவாய் ஆய்வாளர். நீங்கள் அதை 'ஊழியர்களின் வழிகாட்டுதல் சிறப்பாக உள்ளது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

அங்கேதான் உங்கள் கட்டுரை இருக்கிறது. அந்தப் பெண் யார்? பல மையங்களில் இருப்பவர்களைப் போல இவரும் அரசு ஊழியர் இல்லை, கமிஷனுக்கோ சொற்பச் சம்பளத்துக்கோ உட்கார்ந்திருப்பவர். சட்டப்படி அவர் வேலை, விண்ணப்பத்தை ஏற்றி ஆவணத்தை ஸ்கேன் செய்வது. முடிவெடுப்பது வருவாய்த் துறை. ஆனால் நடைமுறையில், இந்த விண்ணப்பம் உள்ளே போகலாமா வேண்டாமா என்று அந்த இடத்தில் முடிவெடுத்தது அவர்தான், அதுவும் விதியில் இருக்கிறதோ இல்லையோ, ஓர் அதிகாரியின் பழக்கத்தை வைத்து. வந்த அம்மா கணக்கில் பார்த்தால் ஒரு நாள் கூலி போயிற்று. அரசின் கணக்கில் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை, ஏனென்றால் விண்ணப்பமே பதிவாகவில்லை. எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது என்று எடுக்கிற எந்த எண்ணிக்கையிலும் அந்த அம்மா வரமாட்டார்.

1980-இல் அமெரிக்காவில் மைக்கேல் லிப்ஸ்கி என்ற அரசியல் அறிஞர், போலீஸ்காரர், ஆசிரியர், நலத்துறை ஊழியர் போன்ற அடிமட்ட ஊழியர்கள் அன்றாடம் எடுக்கும் முடிவுகள்தான் நடைமுறையில் கொள்கையாகின்றன என்று எழுதினார். அவர் பேசியது அரசு ஊழியர்களைப் பற்றி. அரசு ஊழியரே இல்லாத ஒருவர், மேலே உள்ள அதிகாரி என்ன செய்வார் என்று ஊகித்து, அந்த ஊகத்தை வைத்து மக்களை வடிகட்டினால் அதை என்னவென்று சொல்வது? இது கேள்வி. தலைப்பு கூட தானாக வந்துவிடுகிறது பாருங்கள்: 'விண்ணப்பத்துக்கு முந்தைய நிராகரிப்பு: சென்னை இ-சேவை மையங்களில் அரசு ஊழியரல்லாதவரின் விருப்புரிமை'. 1688-ஐத் தூக்கிவிடலாம். 15 மண்டலம், 200 வார்டு ஒரு வரியில் போதும். மின் ஆளுமையின் வரையறை யாருக்கும் வேண்டாம்.

தரவு எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் 100 கேள்வித்தாளைத் தூக்கிப் போட வேண்டாம், பின்னணியாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மூன்று நான்கு மையங்களில் தலா ஒரு வாரம் காலையில் போய் உட்காருங்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் விண்ணப்பிக்காமலே திரும்பினார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த எண்ணிக்கை அரசிடம் இல்லை, நீங்கள் மட்டும்தான் எடுக்க முடியும். அரசிடம் இருப்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: குறிப்பிட்ட வட்டத்தில் ஒரு வருடத்தில் வந்த வருமானச் சான்று விண்ணப்பங்கள், திருப்பி அனுப்பப்பட்டவை, காரணம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். பதில் அரைகுறையாக வந்தால் அதுவும் ஒரு தரவுதான், வந்ததை வந்தபடி எழுதுங்கள். மையத்தின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் மட்டும் எங்கும் போட்டுவிடாதீர்கள். ஓர் அதிகாரியைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியம் அவர் வேலைக்கே உலை வைக்கும். கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால் உட்காரும் முன்பே அனுமதி வாங்குங்கள், இதழ் கேட்கும்.

ஆங்கிலத்துக்கு வருவோம். முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள் என்பேன். வாதம் நேராக நிற்கிறதா என்று நமக்குத் தெரிகிற மொழியில்தான் தெரியும். அப்புறம் சிறு சிறு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதி, துறைக்கு வெளியே நல்ல ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சுமாரான ஆங்கிலத்தை ஆசிரியர்கள் மன்னிப்பார்கள், அலங்கார ஆங்கிலத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். சாட்ஜிபிடி போன்றவற்றில் மொழியைத் திருத்தினால் இதழின் விதியைப் பார்த்து, கேட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். மேற்கோளை மட்டும் அதனிடம் கேட்கவே கேட்காதீர்கள், இல்லாத கட்டுரையை வருடத்தோடு எழுதிக் கொடுக்கும்.

தமிழ் உங்களுக்கு இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். அரசிடம் ஒன்றைப் பெற மக்கள் படும் பாட்டை 'நிர்வாகச் சுமை' என்று இப்போது நிறைய எழுதுகிறார்கள். டொனால்ட் மொய்னிஹன், பமீலா ஹெர்ட் முதலான ஆய்வாளர்கள் 2015-இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: விவரம் தெரிந்துகொள்ள ஆகும் செலவு, விதிப்படி செய்து முடிக்க ஆகும் செலவு, மனசுக்கு ஆகும் செலவு. நம் ஜனங்கள் இந்த மூன்றையும் 'அலைச்சல்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் கவனித்தால் 'அலைஞ்சேன்' என்பதும் 'அலைய விட்டாங்க' என்பதும் ஒன்றில்லை என்று தெரியும், இரண்டாவதில் யாரோ வேண்டுமென்றே செய்கிறார் என்கிற குற்றச்சாட்டு இருக்கிறது. உங்கள் நேர்காணல்களில் யார் எப்போது எதைச் சொன்னார்கள் என்று பிரித்துப் பாருங்கள். அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டு விளக்குங்கள். நான் மதிப்பீட்டாளராக இருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படிப்பேன்.

அனுப்பும் வேலை பெரிய வித்தையில்லை, ஆனால் சில்லறைத் தப்புகளில் மாட்டிக்கொள்வோம். 9,000 சொல் இருக்கிறது, இதழ் கேட்கும் அளவைப் பார்த்து வெட்டுங்கள், மேற்கோள் பட்டியலும் அந்த அளவில் சேருமா என்றும் பாருங்கள். பெயர், கல்லூரி, நன்றியுரை எல்லாம் தனிக் கோப்பில். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்பதால் கட்டுரைக் கோப்பில் உங்கள் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. வேர்டு கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் ஒளிந்திருக்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை, திருவல்லிக்கேணி டிடிபி கடையில் அடித்த கோப்பென்றால் கடைக்காரர் பெயர் இருக்கும்! தமிழ் மேற்கோள்களை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் திரையில் புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். ஆசிரியருக்கான கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்: கேள்வி என்ன, என்ன கண்டீர்கள், ஏன் இந்த இதழ், வேறெங்கும் பரிசீலனையில் இல்லை. 'மேன்மைதங்கிய' எல்லாம் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது, இது கல்யாணப் பேச்சு மாதிரி இல்லை, தெரிந்தால் இரண்டு இடத்திலும் கதவு மூடும். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் யுஜிசியின் 2018 விதிப்படி பிரச்சினை இல்லை. ஆனால் இதழுக்கு அது கணக்கில்லை, ஒரு பத்தியை அப்படியே எடுத்திருந்தால் 3 சதவீதமாக இருந்தாலும் எடுத்தது எடுத்ததுதான்.

அப்புறம் காத்திருப்பு. மூன்று மாதமும் ஆகலாம், வருடமும் ஆகலாம். நான்கு மாதம் கழித்து ஒரு முறை பணிவாகக் கேட்கலாம். 'மேஜர் ரிவிஷன்', அதாவது பெரிய திருத்தம் வேண்டும், என்று வந்தால் வருத்தப்படாமல் பாயசம் வையுங்கள், கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். பதில் கடிதத்தில் மதிப்பீட்டாளர் சொன்ன ஒவ்வொன்றையும் வரிசையாகப் போட்டு, கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். 'மையங்கள் நான்குதான், இதை வைத்து சென்னை முழுக்கப் பேச முடியாது' என்று நிச்சயம் ஒருவர் எழுதுவார். அதற்கு 'ஒத்துக்கொள்கிறேன், சென்னை முழுக்கப் பேசவில்லை, இப்படி ஒரு வடிகட்டல் நடக்கிறது, அது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன், பக்கம் 6-இல் அதைத் தெளிவாக்கியிருக்கிறேன்' என்றால் போதும். மதிப்பீட்டாளர் சொல்வது தப்பென்றால் தப்பு என்று காரணத்தோடு சொல்லலாம், ஆசிரியர் அதையும் படிப்பார்.

கடைசியாக உங்கள் மனைவி பெயர். அறிமுகம் செய்துவைத்தார், அலுவலக நடைமுறையை விளக்கினார் என்றால் அது நன்றியுரை. கேள்வியை வடிவமைத்தார், தரவை உட்கார்ந்து அலசினார், எழுதினார் என்றால் இணையாசிரியர். இதே அளவுகோலைக் கைடுக்கும் வைத்துப் பாருங்கள், சங்கடம்தான், ஆனால் பாருங்கள். உங்கள் மனைவி இணையாசிரியர் என்றால், அவர் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன் கீழ் வருகிறவர். தன் துறையின் நடைமுறையை விமர்சிக்கும் கட்டுரையில் பெயர் வருவதற்கு முன்னால் அவர் மேலதிகாரிக்கு எழுதி அனுமதி வாங்குவதுதான் பாதுகாப்பு. நன்றியுரையில் பெயர் போடுவதாக இருந்தால்கூட அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், அந்த ஆர்ஐ யார் என்று ஊகிக்க அந்தத் தாலுகாவில் ஒருவருக்கு உங்கள் மனைவி பெயரே போதும்.